310 கிராம் ரப்பர்

என் வீட்டு வாசலிலிருந்து நாமக்கல் 54 கி.மீ. என் டீசல் கார் நல்ல நிலையில் லிட்டருக்கு 18 கி.மீ. தரும். ஆக, சேலத்திலிருந்து ஒரு நடைக்கு 3 லிட்டர். இதுவரை எல்லாரும் எழுதி வைக்கிற கணக்குதான். அந்த 3 லிட்டரை எரிக்க வண்டி எவ்வளவு காற்றைக் குடித்தது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. காற்றுக்குப் பில் வருவதில்லையே.

எழுதிப் பார்த்தேன். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய 14.5 கிராம் காற்று வேண்டும். லிட்டருக்கு 12 கிலோ. சேலத்துச் சித்திரை வெயிலில், 38 டிகிரியில், ஒரு கன மீட்டர் காற்று 1.1 கிலோதான் தேறும். அப்படியானால் லிட்டர் டீசலுக்கு 11,000 லிட்டர் காற்று. நாமக்கல் போய்ச் சேர 33,000. தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கிட்டத்தட்ட மூன்று லோடு. இதுவும் குறைந்தபட்சம்தான். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேலேயே காற்று வாங்கும். சீரான ஓட்டத்தில் இரண்டு மடங்குகூட ஆகும். இத்தனையும் போவது ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கிற, முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக. கழற்றியதைச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 310 கிராம்.

அதற்கு வயது 9, ஓட்டம் 1,32,000 கி.மீ. மாசி மாதம் பிக்கப் குறைந்தது. ராசிபுரம் தாண்டி ஒரு லாரியை முந்த மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. காலை அழுத்தி அழுத்தியே ஓட்டினேன், மைலேஜ் 15.5-க்கு வந்துவிட்டது. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று மூன்று மாதம் சும்மா இருந்தேன். மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறேன். முன்பு 83 லிட்டர் பிடித்தது, இப்போது 97. கூடுதல் 14 லிட்டர், 93 ரூபாய் வீதம் ரூ.1,302. மூன்று மாதத்துக்கு ரூ.3,906.

சீலநாயக்கன்பட்டிப் பட்டறையில் மெக்கானிக் பானெட்டைத் திறந்துவிட்டு, "ஒரு ரேஸ் குடுங்க சார்" என்றார். முள் 3,000-ஐத் தொட்டபோது ஹோஸின் நடுப்பகுதி பட்டினி கிடந்த வயிறு மாதிரி உள்ளே ஒட்டியது. காலை எடுத்ததும் புடைத்துக்கொண்டது. "பாத்தீங்களா, மூச்சு விட வழியில்லைங்க." கழற்றி அடிப்பக்கம் காட்டினார். கிளிப் கடித்த இடத்தை ஒட்டி விரல்கடை அகல வெடிப்பு. உள்ளே விரலை விட்டால் கறுப்பாக ஆயில் பிசுக்கு. எஞ்சின் விடுகிற ஆயில் ஆவி இந்த ஹோஸுக்குள்தான் திருப்பி விடப்படுகிறது; கொஞ்சம் ஈரம் இருப்பது வழக்கம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பது வருஷம் அதில் ஊறிய ரப்பர் கொழகொழத்துப் போகிறது.

வெடிப்புதான் என்னை உறுத்தியது. அது ஃபில்டருக்கு அந்தப் பக்கம். காற்றை அளக்கிற சென்சாரையும் தாண்டி இருப்பதால், அதில் நுழைகிற காற்று கணக்கிலேயே வராது. காற்று குறைவு என்று நம்பி கம்ப்யூட்டர் டீசலைச் சுருக்கும். தூசிக்கும் தடையில்லை. டர்போவின் காற்றுச் சக்கரம் சுமார் 4 செ.மீ. அகலம், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றை எட்டும். அப்போது அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு 400 மீட்டரைத் தாண்டுகிறது, ஒலியைவிட அதிகம். கோழிப்பண்ணைச் சாலையின் புழுதியில் ஒரு மணல் அதில் பட்டால் என்ன ஆகும் என்று மெக்கானிக் விளக்கவில்லை. சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருந்தது, அது இருக்கலாம். முன்னும் பின்னும் அசையவில்லை. தப்பித்தது. போயிருந்தால் ரீகண்டிஷன் செய்யவே ரூ.11,000 ஆகியிருக்கும் என்றார்.

பில்: ஹோஸ் ரூ.1,650. புது கிளிப் இரண்டு, ரூ.140. ஏர் ஃபில்டர் ரூ.380. கூலி ரூ.350. மொத்தம் ரூ.2,520, நேரம் 40 நிமிடம், எஞ்சின் ஆறக் காத்திருந்த ஒரு மணி நேரம் தனி. கம்பெனி சர்வீஸில் இதே வேலைக்கு ரூ.4,200 சொன்னார்கள். பளபளவென்று நீல சிலிக்கான் ஹோஸ் கண்ணில் பட்டது. சூட்டைத் தாங்கும், ஆனால் ஆயில் படுகிற இடத்துக்குச் சாதாரண சிலிக்கான் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

நாமக்கல் லாரிக்காரர்கள் மூன்று மாதம் பொறுப்பார்களா? மாதம் 10,000 கி.மீ., லிட்டருக்கு 4 கி.மீ. என்று வைத்தால் 2,500 லிட்டர். ஹோஸ் கோளாறில் 5 சதவீதம் கூடக் குடித்தாலே 125 லிட்டர், ரூ.11,625. அவர்கள் சத்தத்திலேயே கண்டுபிடிப்பதற்குக் காரணம் காது இல்லை, இந்தக் கணக்கு.

மாற்றிய பின் மைலேஜ் 17.6. பழைய 18 வரவில்லை. 500 கி.மீ. ஓடியதும் போய்க் காட்டினேன். ஒரு கிளிப் கால் சுற்று இறங்கியது. அதற்கு மேல் முறுக்கினால் ரப்பரை வெட்டிவிடும் என்று நிறுத்திக்கொண்டார். கூலி வாங்கவில்லை. டீ இரண்டு, ரூ.24.