மாணவர் பிடித்து வைத்த கிதார்

இசைத்தட்டு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கம்பெனியார் வித்துவானை வரவழைத்து, கதவுகளைச் சாத்திக்கொண்டு, ஒரு தும்மல் சப்தம்கூட விழாமல் பதிவு செய்வதுதானே? ஆனால் கிதார் ரசிகர்கள் பொக்கிஷமாகப் போற்றும் சில தட்டுகள் அப்படிப் பிறந்தவை அல்ல. கல்லூரி மாணவர் ஒருவர், ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து எடுத்தவை!

இடம், நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில் 118-வது தெரு. 1941-ம் வருஷம் மே மாதம். 'மின்டன்ஸ் பிளேஹவுஸ்' என்ற சின்னஞ்சிறு கிளப்புக்கு, கொலம்பியா பல்கலைக் கழக மாணவரான ஜெர்ரி நியூமன், தட்டில் ஒலியை வெட்டும் யந்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அங்கே கிதார் வாசித்தவர் சார்லி கிறிஸ்டியன். வயது இருபத்து நாலு. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். தகப்பனாருக்குக் கண் பார்வை போய்விட்டது. பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தெருவில் வாசித்துப் பிழைத்தார் அவர். பள்ளி நாட்களில் சார்லி சுருட்டுப் பெட்டியிலேயே கிதார் செய்வாராம்!

அதுவரை ஜாஸ் கோஷ்டிகளில் கிதாருக்குப் பெரும்பாலும் தாளத்துக்கு ஒத்துப் போடும் வேலைதான். ஊது குழல்களின் முழக்கத்தில் அதன் மெல்லிய குரல் எடுபடாது. மின்சார கிதார் வந்த பிறகு, ஒவ்வொரு சுரமாக மீட்டி, குழல் வாத்தியங்களுக்குச் சமமாகப் பேச வைத்தவர்களில் கிறிஸ்டியன் முதன்மையானவர். 1939-ல் பென்னி குட்மனின் புகழ் பெற்ற கோஷ்டியில் சேர்ந்தார்.

ஆனால் ஒரு குறை. மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மனோதர்மப்படி வளர்ப்பதுதான் ஜாஸின் உயிர். அக்காலத்துத் தட்டிலோ ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றே நிமிஷம்! அதையும் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டால் கிதாருக்கு என்ன மிஞ்சும்?

மின்டன்ஸில் அந்த அவசரம் இல்லை. பின்னாளில் 'ஸ்விங் டு பாப்' என்று பெயரிடப்பட்ட பதிவு எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. கென்னி கிளார்க்கின் டிரம் சீண்டச் சீண்ட, கிதாரில் கற்பனை ஊற்றெடுக்கிறது. ஆரம்பமே நடுவிலிருந்துதான், கச்சேரிக்கு நேரம் கழித்துக் கதவைத் திறந்தது போல! ஒலி சற்றுக் கரகரப்புத்தான். அதனால் என்ன?

அதே வருஷம் கிறிஸ்டியன் க்ஷயரோக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1942 மார்ச் 2-ம் தேதி, இருபத்தைந்தாவது வயதில் கண்ணை மூடினார். அந்த ஆகஸ்டில் வாத்தியக்காரர் சங்கம் வேலை நிறுத்தம் செய்யவே, கம்பெனிகளின் ஒலிப்பதிவும் நின்றது. 'பீபாப்' என்னும் புதுப் பாணி உருவான காலத்துக்குச் சாட்சியங்கள் சொற்பம். மாணவர் வெட்டிய தட்டுகள் அவற்றில் ஒன்று.

கேட்கச் சந்தர்ப்பம் வாய்த்தால், கரகரப்பைப் பொறுத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் காது கொடுங்கள். பிறகு அது உங்கள் காதில் விழவே விழாது. கிதார் மட்டும்தான் கேட்கும்.