அரக்கன் மேல் ஒரு புகார்

தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருப்பவை போன்ற நடுகற்களில் எழுத்து இருந்தால், அது பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் இருக்கும்: எந்த அரசன் காலம், யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான். நிலவறைக்குள் இறங்கி அரக்கர்களோடு மோதும் கணினி விளையாட்டுகளும் இப்படியொரு கணக்கு வைக்கின்றன. ‘டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப்’ என்ற இலவச விளையாட்டில் நம் வீரன் செத்ததும் ஒரு கோப்பு உருவாகும். எத்தனையாவது தளம், கொன்றது எது, கையில் என்ன ஆயுதம், பையில் என்னென்ன என்று எல்லாம் அதில் இருக்கும். உயிர்காக்கும் மருந்தைக் குடிக்காமல் பையிலேயே வைத்திருந்ததை அதில் படிக்கும்போது வயிறெரியும்.

விளையாடுபவர்கள் அனுப்பும் புகாருக்கு இந்தக் கோப்புதான் சாட்சி. ஆனால் எல்லாப் புகாரும் ஒரே ரகமல்ல. அரக்கன் சுவருக்குள் சிக்கி நின்றால் அது பிழை. ‘பக்’ என்று பையன்கள் சொல்வது. தொடக்கத் தளங்களிலேயே சிக்மண்ட் என்ற கொடியவன் எதிர்ப்பட்டு நம்மைக் கொன்றால் அது பிழையல்ல, அவனைப் படைத்ததே அதற்குத்தான். ஆத்திரத்தில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பிழையைத் திருத்த, அதை மறுபடியும் நிகழ்த்திப் பார்க்க வேண்டும். இந்த வகையின் மூதாதையான ‘ரோக்’ 1980-ல் வந்த காலத்திலிருந்தே, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிலவறை புதிதாக உருவாகிறது. நீங்கள் பார்த்த அறை இன்னொருவர் கணினியில் இருக்காது. இதற்கு வழி விதை எண். நிரல் ‘தற்செயலாக’ எடுக்கும் எண்கள் உண்மையில் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிடப்படுபவை. அதே பதிப்பில் அதே விதையைக் கொடுத்தால் அதே நிலவறை கிடைக்கும். ஸ்டோன் சூப்பில் 2019 முதல் வீரர்களே விதை எண்ணைக் கொடுத்து ஆடலாம்.

கடுமை பற்றிய புகார்தான் சிக்கல். கனடாவின் ரெட் ஹூக் நிறுவனம் 2015-ல் ‘டார்க்கெஸ்ட் டஞ்சன்’ விளையாட்டை முடிக்கும் முன்பே விற்பனைக்கு விட்டது. அதில் நம் நால்வர் ஒரு வரிசை, அரக்கர்கள் எதிர் வரிசை. தொடக்கத்தில், முன்னால் நிற்கும் அரக்கன் செத்தால் பின்னால் நிற்பவன் முன்னே வந்துவிடுவான், வாள்காரனுக்கு வசதி. அந்த ஜூலையில் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது: செத்த அரக்கனின் பிணம் அதே இடத்தில் கிடக்கும், பின்வரிசை நகராது. கொதித்துப் போனார்கள் ரசிகர்கள். பிணத்தை நிறுவனம் முற்றாக நீக்கவில்லை; வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு தெரிவு மட்டும் வைத்தது. என் பார்வையில் சரியான முடிவு. எங்கே வலிக்கிறது என்று வீரர்கள் சொன்னால் நம்பலாம். அவர்கள் எழுதித் தரும் மருந்தை அப்படியே கொடுக்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் நடக்கும். ஸ்டோன் சூப்பில் முன்பு வீரனுக்குப் பசி இருந்தது, சாப்பாடு தேட வேண்டியிருந்தது. பட்டினியால் செத்தது அரிது, வேலை மட்டும் மிச்சமாக இருந்தது. 2021-ல் பசியையே எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்களில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல்.

நம் நாட்டில், புணேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ‘ராஜி’யைச் சொல்லலாம். நிலவறை வகை அல்ல என்றாலும் அதிலும் அசுரர்களோடுதான் சண்டை. ஓவியத்தைப் பாராட்டியவர்களே சண்டை மந்தமாக இருக்கிறது, கதை சட்டென்று அறுந்துவிடுகிறது என்றார்கள். 2022-ல் வந்த மேம்பட்ட பதிப்பில் சண்டையும் அசைவுகளும் திருத்தப்பட்டன. இந்திக் குரலும் சேர்ந்தது.

ஸ்டோன் சூப்பின் மூலநிரலும் திறந்தது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் ஆடிப் பார்த்து, பிழை கண்டு, திருத்தியும் அனுப்பலாம். புகார் எழுதுகிறவர்கள் பதிப்பு எண், விதை எண், செய்தது, நடந்தது, நடக்க வேண்டியது ஆகியவற்றைத் தனித்தனி வரியில் எழுதுங்கள். கோப்பை இணையுங்கள். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.