ஔஷத தானமும் அபய தானமும்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் மேல்சித்தாமூர் என்ற கிராமம் இருக்கிறது. தமிழ் ஜைனர்களின் தலைமைப் பீடமாகிய ஜினகாஞ்சி மடம் அங்கேதான் விளங்குகிறது. இல்லறத்தார் செய்யவேண்டிய தானங்கள் நான்கு என்று ஜைன சமயத்தார் வகுத்திருக்கிறார்கள். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்பன அவை. பசித்தவனுக்குச் சோறும், பிணியாளனுக்கு மருந்தும், அறியாதவனுக்கு நூலும், அஞ்சி நிற்கும் உயிருக்கு அடைக்கலமும் கொடுப்பதே அறம் என்பது அதன் கருத்து. இவற்றுள் ஔஷதத்தையும் அபயத்தையும் வேறு வேறாக எண்ணுவதே வழக்கம். ஆனால் அபயமில்லாத ஔஷதம் தானமாகுமா என்று இன்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

நமது முன்னோர் இதை உணராதவர்களல்லர். ஜைனப் புலவர்கள் இயற்றிய ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்ற இரு நீதி நூல்களும் மருந்துகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஏலாதி என்பது ஏலம் முதல் சுக்கு ஈறாக ஆறு சரக்குகள் சேர்ந்த சூர்ணம். அந்த ஆறும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுகின்ற பங்குகளில் கலக்கப்பட வேண்டும் என்பது மரபு. சரக்கு எதுவென்று அறிந்தால் மட்டும் போதாது. எவ்வளவு என்பதும் மருந்தின் ஒரு பாகமே.

இந்த உண்மையை விளக்குவதற்கு முடக்குவாதத்தைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடையாது. நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்காக உடலில் அமைந்த காவற்படை, தன் சொந்த மூட்டுகளையே பகையென்று கருதித் தாக்குவதால் உண்டாவது இந்நோய். ஆண்களைவிடப் பெண்களையே அதிகமாகப் பற்றுகிறது. விடியற்காலையில் கைவிரல்கள் மடங்காமல் விறைத்து நிற்கும். நாற்று நடும் கையும் மணிலாக்கொட்டை உடைக்கும் கையும் சில வருஷங்களில் கோணி முடங்கிவிடும். கூலி வேலையையே நம்பிய குடும்பத்தில் ஒருத்தியின் கை முடங்கினால் அடுப்பும் அணையும். இத்தகைய நோய்க்கு இன்று உலகெங்கும் வைத்தியர்கள் முதன்மையாக நம்பியிருக்கும் மருந்து மெதோட்ரெக்சேட் என்பது. அதன் வரலாற்றில் நமது நாட்டார் ஒருவரின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதைத் தமிழர்களில் எத்தனை பேர் அறிவர்?

அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ம் வருஷம் ஜனவரி மாதம் பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியிலும், ராஜதானிக் கல்லூரியிலும், பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, சத்திர சிகிச்சை அறைக்குள்ளும் கதர் அங்கியையே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்பீல்டு இதைப் பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்கு தேறியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே சுப்பாராவுக்குக் கிடைத்தது. பின்னர் அவர் கடல் கடந்து பாஸ்டன் நகரம் சேர்ந்தார். அங்கே ஹார்வர்டில் படித்துக்கொண்டே வயிற்றுப்பாட்டுக்காகப் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு எடுபிடியாக வேலை பார்த்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகின்றனர்.

அவருக்கு முதன்முதலில் பெயர் தேடித் தந்தது புதிய மருந்து ஒன்றல்ல, ஓர் அளவுமுறை என்பது கவனிக்கத் தக்கது. இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடும் வழியை 1925-ல் பிஸ்க் என்ற ஆசிரியருடன் சேர்ந்து அவர் வகுத்தார். பிஸ்க்-சுப்பாராவ் முறை என்று அது இன்றும் வழங்குகிறது. 1940-ல் லெடர்லே ஆய்வுச்சாலையில் சேர்ந்தார். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கப்படும் டைஎத்தில்கார்பமஸின் என்ற மருந்து அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பயனே. போலிக் அமிலம் என்ற ஜீவசத்தைச் செயற்கையாக ஆக்கியதும் அவருடைய குழுவினரே. அந்த ஜீவசத்தைப் போலவே தோற்றமளித்து, அது உடலில் செய்யும் வேலையைத் தடுத்து நிறுத்தும் எதிர்ப்பொருள்களையும் அதே கூடத்தில் ஆக்கினார்கள். அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டெரினைப் பாஸ்டன் வைத்தியர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோய் கொண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்ற செய்தி 1948 ஜூனில் வெளிவந்தது. அதே வருஷம் ஆகஸ்டு மாதம், 53-வது வயதில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் தம்பி என்று சொல்லத்தக்க பொருள்தான் மெதோட்ரெக்சேட்.

புற்றுநோய்க்கு வந்த மருந்து முடக்குவாதத்துக்கு எவ்வாறு ஆயிற்று? 1951-ல் கப்னர் என்ற அமெரிக்க வைத்தியர் அமினோப்டெரினை மூட்டு நோயாளர் சிலருக்குக் கொடுத்துக் குணம் கண்டார். ஆனால் அப்பொழுது வைத்திய உலகம் கார்டிஸோனின் புகழில் மயங்கியிருந்தது. அதைக் கண்டவர்களுக்கு 1950-ல் நோபெல் பரிசும் கிடைத்திருந்தது. ஆகையால் கப்னரின் கூற்று பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மூன்று தசாப்தங்களுக்குப் பிறகு 1985-ல் வைன்பிளாட் என்பவரும் அவருடைய துணைவர்களும் 28 நோயாளரைக் கொண்டு முறைப்படி சோதித்து, குறைந்த அளவில் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேட் பலன் தருகிறது என்று நிலைநாட்டினார்கள். அச்சோதனை நடந்த இடம், இளமையில் சுப்பாராவ் எடுபிடி வேலை பார்த்த பிரிகாம் ஆஸ்பத்திரியின் வழிவந்த நிலையமே! 1988-ல் அமெரிக்க சர்க்கார் இம்மருந்தை முடக்குவாதத்துக்கு அங்கீகரித்தனர்.

நிற்க. விஷயத்தின் முக்கியமான பகுதிக்கு இப்பொழுது வருகிறோம். முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் கொடுக்கப்படுவது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும். பெரும்பாலும் 7.5 மில்லிகிராம் முதல் 25 மில்லிகிராம் வரையில்தான் அந்த வார அளவு அமைகிறது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களின் பெருக்கத்தை இம்மருந்து தடுக்கிறது. எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் இவற்றின் உட்தோலும் அத்தகைய உயிரணுக்களால் ஆனவை. வாரம் ஒரு முறை உட்கொண்டால் அவை மீள்வதற்கு அவகாசம் உண்டு. நாள்தோறும் உட்கொண்டாலோ அவகாசமே இல்லை. வாய் புண்ணாகும், இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும், காய்ச்சல் பற்றும், உயிரே போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. இங்கே மாத்திரையின் எடை மிஞ்சவில்லை, கிழமைதான் மிஞ்சியது.

இது வீண் பயமன்று. வைத்திய வசதிகள் நிறைந்த இங்கிலாந்திலேயே 1993 முதல் 2002 வரையிலான பத்து வருஷங்களில் வாய்வழி மெதோட்ரெக்சேட் சம்பந்தமான தவறுகளால் 25 பேர் மாண்டனர் என்று அந்நாட்டு நோயாளர் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. தவறு நேரும் விதமோ மிக எளிது. இம்மருந்தின் தீங்கைக் குறைப்பதற்காகப் போலிக் அமிலமும் உடன் கொடுக்கப்படுகிறது. சுப்பாராவின் கூடத்தில் பிறந்த சத்தும் அதன் பகையும் ஒரே நோயாளியின் கையில் வந்து சேருகின்றன. இரண்டும் சிறிய மாத்திரைகள். பல சமயம் இரண்டும் மஞ்சள் நிறம். பட்டையில் பெயர் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. மற்ற மருந்துகளெல்லாம் காலை, மாலை என்று தினமும் உண்ணப்படுகையில், இது ஒன்று மட்டும் வாரம் ஒரு நாள் என்பதை எழுத்தறியாத ஒரு மூதாட்டி எவ்வாறு நினைவில் வைத்திருப்பாள்?

மருந்தைக் கண்டுபிடித்ததோடு ஆராய்ச்சியாளனின் வேலை முடிந்துவிடுவதில்லை. அது ஜனங்களின் உடலில் என்ன செய்கிறது என்று தொடர்ந்து கவனிப்பதற்கென்றே மருத்துவ மருந்தியல் என்ற தனிச் சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது. தாலிடோமைடு என்ற மருந்தை உண்ட தாய்மார்களின் குழந்தைகள் அங்கஹீனமாய்ப் பிறந்த கொடுமை 1961-ல் வெளிப்பட்ட பிறகு, 1968-ல் உலக சுகாதார ஸ்தாபனம் மருந்துத் தீங்குகளைப் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கிற்று. இந்தியாவில் அத்தகைய தேசியத் திட்டம் 2010-ல் தொடங்கி, மறு வருஷம் முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் பொறுப்பில் நடந்து வருகிறது. 2017-ல் உலக சுகாதார ஸ்தாபனம், மருந்தினால் விளையும் தவிர்க்கத்தக்க கடுந்தீங்குகளை ஐந்து வருஷங்களில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் அறைகூவல் விடுத்தது.

நமது ஜில்லாவுக்கு இதில் நெருங்கிய சம்பந்தம் உண்டு. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் நிலையம் இருக்கிறது. நம் பக்கத்து முடக்குவாத நோயாளர் நாடிச் செல்லும் இடம் அது. அப்பொழுது அங்கே பணிபுரிந்த வைத்தியர் வீர் சிங் நேகியும் அவருடைய துணைவர்களும், தென்னிந்தியத் தமிழ் நோயாளரிடையே மெதோட்ரெக்சேட்டின் தீய விளைவுகளுக்கும் ஒரு மரபணு வேற்றுமைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2016-ல் வெளியிட்டார்கள். பாஸ்டன் நோயாளியின் உடலைக் கொண்டு மட்டும் தமிழரின் உடலுக்கு விதி வகுக்கலாகாது என்ற கொள்கைக்கு இத்தகைய ஆராய்ச்சியே ஆதாரம். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் மரபணுவைப் படிக்கக் கற்றுக்கொண்ட நாட்டில், மருந்துச் சீட்டைப் படிக்க முடியாமல் ஓர் உயிர் போகலாமா?

சட்டம் இல்லாமலில்லை. 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டமும் 1945-ம் வருஷத்து விதிகளும் இருக்கின்றன. பதிவு பெற்ற வைத்தியரின் சீட்டு இல்லாமல் இம்மருந்தை விற்கலாகாது. ஆனால் சட்டம் கடை வாசல் வரையில்தான் வரும். வீட்டுக்குள் வந்து மாத்திரையை எடுத்துக் கொடுக்காது. ஆகையால் நாம் கோருவது மிகச் சிறிய காரியங்கள். மெதோட்ரெக்சேட் எழுதும் ஒவ்வொரு வைத்தியரும் எந்தக் கிழமை என்பதைத் தமிழில் எழுத வேண்டும். "வாரம் ஒரு முறை" என்று எழுதினால் போதாது. "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று எழுத வேண்டும். மருந்து கொடுப்பவர் இதையும் போலிக் அமிலத்தையும் வெவ்வேறு உறைகளில் இட்டு, அந்தக் கிழமையை வாயாலும் சொல்ல வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டிருமல், மூச்சுத் திணறல் இவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றும், கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து ஆகாது என்றும், குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை அவசியம் என்றும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் நேரமேது என்று சிலர் கேட்பார்கள். ஒரு கிழமையின் பெயரை எழுதுவதற்கு எத்தனை விநாடி ஆகும்? இவ்வளவும் சொன்னால் நோயாளி பயந்து மருந்தையே விட்டுவிடுவான் என்று வேறு சிலர் கூறுவார்கள். அனுபவம் அப்படியன்று. ஒன்றும் சொல்லப்படாதவனே முதற் புண் கண்டவுடன் மருந்தை எறிந்துவிட்டு, பெயர் தெரியாத பொடிகளை நாடிப் போகிறான். இதைப் படிப்பவர்களும் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. முறைப்படி உண்பவர்களுக்கு அது முடங்கிய கையை மீட்டுத் தரும் நல்ல மருந்தே.

எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர்களுக்கும், கிராமங்களில் பொதுத்தொண்டு செய்யும் ஊழியர்களுக்கும் நமது வேண்டுகோள் இது. உங்கள் தெருவில் மூட்டு நோய்க்கு மருந்து உண்பவர் வீட்டுக்குச் செல்லுங்கள். சீட்டை வாங்கிப் படியுங்கள். கிழமை எழுதப்படவில்லையென்றால் வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்தினால் தீங்கு நேர்ந்ததாகச் சந்தேகம் தோன்றினால் 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம். கதர் உடுத்ததற்காகப் பட்டத்தை இழந்த ஒருவரின் உழைப்பு நம் ஊர்ப் பெண்ணின் கைக்குச் சுகமாக வந்து சேருவதும் நஞ்சாக வந்து சேருவதும் அந்தச் சீட்டில் எழுதப்படும் ஒரு தமிழ்ச் சொல்லைப் பொறுத்திருக்கிறது. அதை எழுதச் செய்வது நம் கடமை.