ஆராதனை முடிந்ததும் என்ன காபி?

இங்கிலாந்தின் பல தேவாலயங்களில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் கூடத்தில் நின்று தேநீரோ காபியோ அருந்திவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். 'ஃபேர்டிரேட் தேவாலயம்' என்ற தகுதி வேண்டும் என்றால் அந்தத் தூள் நியாய வணிக முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். 1992இல் பிரிட்டனில் அந்த முத்திரைக்கான அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் கிறிஸ்டியன் எய்டும் கத்தோலிக்க அமைப்பான காஃபோடும் உண்டு. அந்த முத்திரை கட்டாய உழைப்பை அனுமதிப்பதில்லை. ஆனால் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022இல் மதிப்பிட்டது. இதற்கு ஒரு பாக்கெட் காபித்தூள் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வாங்குவதால் மட்டும் யாருக்கும் விடுதலை கிடைப்பதில்லை. சேர்ந்து வாங்கப் பழகிய கூட்டம் சேர்ந்து கேட்கவும் தொடங்கினால்தான் அந்தக் காபிக்கு மதிப்பு.

இதற்குப் பழைய சான்று உண்டு. 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதாவை 163க்கு 88 என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. அதே ஆண்டில், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவிக்கும் சர்க்கரையைத் தொடாதீர்கள் என்று வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய துண்டுப் பிரசுரம் வீடு வீடாகப் பரவியது. சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டார்கள் என்பது அடிமை வணிக எதிர்ப்பாளர் தாமஸ் கிளார்க்சனின் கணக்கு. வாக்குரிமை இல்லாத பெண்களுக்கு, சமையலறையில் எடுக்கும் முடிவே அரசியலானது. தோட்ட முதலாளிகள் இதனால் திவாலாகிவிடவில்லை. ஆனால் சர்க்கரையை மறுத்த குடும்பங்கள் இருந்த ஊர்களிலிருந்தே நாடாளுமன்றத்துக்கு மனுக்கள் குவிந்தன. அடிமை வணிகம் 1807இல் தடைசெய்யப்பட்டது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது.

முத்திரையை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 'அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை' என்று எழுதிய பீங்கான் கிண்ணங்கள் அன்றைக்கு விற்றன. அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் அடிமைத்தனத்துக்குச் சட்ட அங்கீகாரம் போனது 1843இல்தான்! பக்தியும் உத்தரவாதம் அல்ல. கேட்பரி குடும்பத்தார் குவேக்கர்கள், அடிமைமுறை எதிர்ப்பில் ஊறிய சபையினர். சாவோ டோமே தீவின் கொக்கோவில் அடிமை உழைப்பு இருக்கிறது என்ற தகவல் 1901இலேயே அவர்கள் காதுக்கு வந்தும் வாங்குவதை நிறுத்த 1909 ஆயிற்று. இதைச் சாடிய பத்திரிகைமீது அவர்கள் போட்ட அவதூறு வழக்கில் வென்றார்கள். ஜூரிகள் கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. தீர்ப்பைவிட அந்தத் தொகைதான் அதிகம் பேசியது.

விலை கூடுதல் என்பதும் உண்மையே. அந்தச் சுமையை ஏழை விசுவாசியின் தலையில் ஏற்றத் தேவையில்லை. சபைக் கணக்கிலிருந்து வாங்கட்டும். 'புறக்கணித்தால் தொழிலாளிக்குத்தானே வேலை போகும்?' என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. ஆகவே புறக்கணிப்பு கடைசி ஆயுதமாகவே இருக்க வேண்டும். நம் திண்டுக்கல் ஒப்பந்தம் அதற்கு முன்னால் உள்ள வழியைக் காட்டுகிறது. ஆடைத் தொழிற்சாலையில் பெண்கள்மீது நடந்த பாலியல் வன்முறையை எதிர்த்து, தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022இல் சங்கமும் ஆலை நிர்வாகமும் கையெழுத்திட்டன. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய நிறுவனங்களும் தங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. வாங்குபவர் விலகி ஓடாமல் பொறுப்பேற்றார். எந்த முத்திரையையும்விட இதை நான் மேலாக மதிக்கிறேன்.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டு அல்லது அதற்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களிடம் ஓர் அறிக்கை மட்டும் கேட்கிறது. வெளியிடாவிட்டால் நேரடி அபராதம் இல்லை. நியாயக் காபி குடிக்கும் சபைகள் தங்கள் தொகுதி எம்.பி.க்கு இதைப் பற்றி எழுதட்டும். சபையின் சேமிப்பு எந்த நிறுவனங்களின் பங்குகளில் கிடக்கிறது என்று பொருளாளரிடமும் கேட்கட்டும்.