கொல்லை மாமரத்தையும் கூடவே கொண்டுபோகலாம்!

பழைய வீட்டை விற்கிறோம், அல்லது இடித்துக் கட்டுகிறோம். பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாம் வண்டியில் ஏறிவிடும். கொல்லையில் நிற்கும் மாமரத்தை என்ன செய்வது? 'கொட்டையை எடுத்துவைத்து முளைக்கப் போட்டால் ஆச்சு' என்பார்கள். ஏமாற்றம் அங்கேதான் காத்திருக்கிறது.

நம் ஊர் மாங்கொட்டைகளில் பெரும்பாலும் ஒரு கருதான் இருக்கும். அதில் தாய்மரத்தின் குணத்தோடு, மகரந்தம் தந்த மரத்தின் குணமும் கலந்திருக்கும். பல வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு அதே ருசி வருமா என்பதற்கு உத்தரவாதமில்லை. அதே பழம் வேண்டுமென்றால் ஒட்டுக்கட்டுவதுதான் வழி. இமாம்பசந்த், மல்கோவா, பங்கனபள்ளி போன்ற ரகங்களெல்லாம் தலைமுறை தாண்டி வருவது இப்படித்தான். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு வருடத்திலேயே காய்க்கவும் தொடங்கும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு 'மென்தண்டு ஒட்டு' சுலபமானது. பையில் வளர்ந்த நாட்டு மாங்கன்று ஒன்று, நம் மரத்தின் குச்சி ஒன்று, கூர்மையான கத்தி அல்லது புது பிளேடு, ஒட்டுக்கட்டும் பாலித்தீன் நாடா, குச்சி ஐஸ் போடும் நீளமான பிளாஸ்டிக் கவர். இவ்வளவுதான் தேவை.

குச்சியைத் தயார் செய்யுங்கள்

மூன்று, நான்கு மாத வயதுள்ள, பூக்காத, நோயில்லாத நுனிக்கிளையைத் தேர்ந்தெடுங்கள். பென்சில் கனம் போதும். வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே இலைகளை மட்டும் நறுக்கிவிட்டு, காம்புகளைக் கிளையிலேயே விட்டுவிடுங்கள். நுனிமொட்டு பருத்து, காம்புகள் தொட்டால் உதிரும் சமயத்தில் அரை அடி நீளத்துக்கு வெட்டுங்கள். ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் வைத்து, கூடியவரை அன்றே ஒட்டிவிடுங்கள். மரம் வெட்டப்படும் தேதி தெரிந்தால், இந்தப் பத்து நாளையும் கணக்கில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே தொடங்குவது முக்கியம். வெட்டிச் சாய்த்து வாடிய கிளையால் பயனில்லை.

ஒட்டும் முறை

மாங்கன்றின் நுனியைக் குச்சியின் கனத்துக்குப் பொருந்தும் இடத்தில் வெட்டுங்கள். தண்டின் நடுவே ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கீழ்நோக்கிப் பிளவுங்கள். குச்சியின் அடியை இரு பக்கமும் அதே நீளத்துக்கு ஆப்பு போலச் சீவி, பிளவுக்குள் இறக்குங்கள்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய, வழவழப்பான அடுக்கு ஒன்று இருக்கும். குச்சியின் அடுக்கும் கன்றின் அடுக்கும் தொட்டுக்கொண்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். இரண்டின் கனமும் ஒன்றாக இல்லாவிட்டால், நடுவில் வைக்காமல் ஒரு பக்க ஓரத்தையாவது சரியாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு காற்றும் தண்ணீரும் புகாதபடி நாடாவால் இறுக்கிக் கட்டி, குச்சியைக் கவரால் மூடி அடியில் கட்டுங்கள். உள்ளே இருக்கும் ஈரப்பதம்தான் குச்சியைக் காயாமல் காப்பாற்றும்.

சீவிய பரப்பைக் கையால் தொடாதீர்கள். ஒரே இழுப்பில் சீவ வராதவர்கள், முதலில் செம்பருத்திக் குச்சிகளில் பழகலாம். கத்தியின் பாதையில் கட்டைவிரல் இருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு

கன்றை நிழலில் வைத்து, மண்ணுக்கு மட்டும் அளவாகத் தண்ணீர் விடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் மொட்டு துளிர்த்தால் கவரை எடுத்துவிடலாம். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளுங்கள். அது நாட்டுக்கன்றின் துளிர், விட்டால் சத்தையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும். ஒட்டு நன்றாகக் கூடியதும், இரண்டு, மூன்று மாதத்தில் நாடாவை அவிழ்த்துவிடுங்கள். மறந்தால் அது தண்டை நெரித்துவிடும்.

கடும் வெயில் காலமும் அடைமழைக் காலமும் இதற்கு ஆகாது. காற்றில் ஈரம் இருக்கும் மிதமான நாட்களே நல்லது. கைதேர்ந்தவர்கள் கட்டினாலும் எல்லாம் பிடிப்பதில்லை. ஒன்றை மட்டும் கட்டிவிட்டுக் காத்திருக்காமல், பத்துக் கன்றுகளில் கட்டுங்கள். நேரில் பார்த்துப் பழக விரும்பினால், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள்.

நிலத்தில் நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். முதல் இரண்டு வருடம் பூ வந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். மரம் தேறிய பிறகு, உங்கள் பழைய ருசியை நிதானமாகச் சாப்பிடலாம்.