முகநரம்பு மீளும் வழி

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அகத்தில் உள்ளதை முகத்திற்குக் கொண்டு செல்லும் தூதுவன் ஒருவன் உண்டு. அவனே முகநரம்பு. மூளையினின்று புறப்படும் 12 இணை நரம்புகளுள் இது ஏழாவது. நெற்றியைச் சுருக்குதல், இமையை மூடுதல், உதட்டைக் குவித்தல் ஆகியவற்றிற்கான ஏவலைத் தசைகளுக்கு எடுத்துச் செல்வது இதுவே. நாவின் முன்பகுதிச் சுவை, கண்ணீர், உமிழ்நீரின் ஒரு பகுதி ஆகியனவும் இதன் பொறுப்பில் அடங்கும். ஆனால் கன்னத்தைத் தொட்டால் அதை அறிவிப்பது ஐந்தாம் நரம்பு. மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

செவிக்கு உட்புறத்தே, எலும்பினுள் அமைந்த ஒரு குறுகிய வழியில், கேள்விக்குரிய எட்டாம் நரம்பும் முகநரம்பும் இணைந்தே செல்கின்றன. எட்டாம் நரம்பின் உறையில் சிலருக்குக் கட்டி ஒன்று தோன்றும். அது புற்றுநோயன்று, மெல்ல வளர்வது. ஒரு காது மந்தமாதலும் இரைச்சலும் அதன் முதல் அறிகுறிகள். கட்டி பெருகப் பெருக, முகநரம்பு நாடாப்போல் தட்டையாகி நீளும். கட்டியை அகற்றவேண்டும், அந்த நாடாவையும் காக்கவேண்டும். அறுவை மருத்துவரின் அரும்பணி இது.

நம் நாட்டில் 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினர். இராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளிக்கும், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளிக்கும் இத்தகைய சிகிச்சை அருகில் கிட்டும் வழி அப்போது பிறந்தது.

கட்டி நீங்கிய பின்னும் முகத்தின் ஒரு பக்கம் சிலருக்கு அசையாதிருக்கும். சிலருக்கு முதலில் நன்றாயிருந்து, சில நாள் கழித்துத் தளரும். இவ்வாறு பின்னர் தளர்ந்த முகம் பெரும்பாலும் நன்கு தேறும். நரம்புக் காயத்தை 1943-இல் ஹெர்பர்ட் செடன் என்னும் மருத்துவர் மூவகையாகப் பிரித்தார். நரம்பு கன்றியிருந்தால் சில வாரங்களில் மீளும். உள்ளிழை அறுந்து உறை பிழைத்திருந்தால், இழை மீண்டும் வளரவேண்டும். முழுதும் துண்டாகியிருந்தால் தானே மீளாது. தைத்தோ ஒட்டியோ இணைக்க வேண்டும்.

இழை வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கடக்கவேண்டிய வழியோ 100 மில்லிமீட்டருக்கு மேல். ஆகவே மூன்று நான்கு மாதங்கள் ஒன்றும் நிகழாதிருப்பது கண்டு மனம் தளர வேண்டா. ஓராண்டும் அதற்கு மேலும் ஆவதுண்டு.

இக்காலத்தில் நோயாளி உணர்வன பல. தசை தளர்ந்தமையால் கன்னம் கனப்பதாகத் தோன்றும். பின்னர் ஒரு துடிப்பு, ஓர் இழுப்பு, ஓர் இறுக்கம் தோன்றலாம். இவை பலருக்கு இழை தசையை எட்டியதன் அடையாளங்கள். ஆனால் தொட்டாலும் தெரியாத மரப்பு முகநரம்பைச் சார்ந்ததன்று. பெரிய கட்டி ஐந்தாம் நரம்பையும் தாக்கியதால் அது விளைவது.

இழைகள் வழிதவறுவதும் உண்டு. 1856-இல் தென்னாட்டின் முதல் பயணி இரயில் நம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. தண்டவாளம் பிரியும் இடத்தில் தவறாகத் திருப்பினால் வண்டி வேறூர் போய்ச் சேருமன்றோ? அவ்வாறே வாய்க்குச் செல்லவேண்டிய இழை இமைக்குப் போய்ச் சேர்ந்தால், சிரிக்கும்போது கண் சுருங்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குரிய இழை கண்ணீர்ச் சுரப்பியை அடைந்தால், உண்ணும்போது கண்ணீர் பெருகும். மருத்துவர்கள் இதனை முதலைக் கண்ணீர் என்பர். இதில் துயரமும் இல்லை, பொய்யும் இல்லை.

ஆதலின் முகப் பயிற்சி மென்மையாக இருத்தல் வேண்டும். கண்ணாடி முன் அமர்ந்து, ஒவ்வோர் அசைவையும் சிறிதாகவும் மெதுவாகவும் செய்தல் நன்று. வலிந்து முகத்தைக் கோணுவது தவறான இணைப்பை உறுதிப்படுத்தக் கூடும். மெல்லும் தசைகள் ஐந்தாம் நரம்பினுடையவை. எனவே ஓயாது மெல்லுவதால் முகநரம்புக்குப் பயனில்லை. மின்சாரத் தூண்டலை மருத்துவர் சொல்லாமல் மேற்கொள்ளலாகாது.

எல்லாவற்றினும் முதன்மையானது கண். மூடாத இமையின் கீழ்க் கருவிழி உலரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் எழுப்பும் புழுதியையும் உப்புக் காற்றையும் எண்ணிப் பாருங்கள். பகலில் சொட்டு மருந்தும் மறைப்புக் கண்ணாடியும், இரவில் களிம்பிட்டு இமையை ஒட்டி வைத்தலும் வேண்டும். ஐந்தாம் நரம்பும் கெட்டிருந்தால், தூசு விழுந்தாலும் வலிக்காது; புண் வளர்ந்தாலும் தெரியாது. அத்தகையோர் வலிக்கவில்லையே என்று வாளாவிருத்தல் பெருங்கேடு. கண் சிவந்தால் அன்றே மருத்துவரை நாட வேண்டும். 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

மாணவர்களே, உங்கள் தந்தையோ ஆசிரியரோ தோழனோ இந்நிலையில் இருக்கலாம். அவர் சிரிக்கவில்லை என்பதால் மகிழவில்லை என்று எண்ணாதீர்கள். அகம் அங்கே நலமாகவே இருக்கிறது. தூதுவன்தான் இன்னும் வழியில் இருக்கிறான். அவன் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நடந்து வருகிறான். அவன் வந்து சேரும்வரை பொறுமையுடன் உடனிருப்பது நம் கடன்.