ஒரே மண், வேறு வேறு எல்லைகள்

யாழ். குடாநாட்டையும் வன்னிப் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் ஆனையிறவு, நிர்வாக ரீதியில் கிளிநொச்சி மாவட்டத்திற்கு உரியது. ஆயினும், கிளிநொச்சி மக்களின் வாக்குகள் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அன்றி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலேயே சேர்கின்றன.

நம் நாட்டில் நிர்வாக மாவட்டங்கள் 25. தேர்தல் மாவட்டங்கள் 22. கிளிநொச்சி 1984 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி நிர்வாக மாவட்டமாயிற்று. தேர்தல் எல்லை மாறவில்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே வன்னித் தேர்தல் மாவட்டம்.

காணி அலுவல்களுக்கும் நிவாரணத்திற்கும் நாம் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் நாடுகிறோம். குடிசன மதிப்பீடு அங்கு வசிக்கும் அனைவரையும் எண்ணுகிறது. 1981 இற்குப் பின்னர் வடக்கு முழுவதையும் உள்ளடக்கிய மதிப்பீடு 2012 இல்தான் நடைபெற்றது. பாராளுமன்ற ஆசனப் பங்கீடோ வாக்காளர் இடாப்பையே நோக்குகிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற்கு 2010 இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2024 இல் 6 மட்டுமே. யுத்தமும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் இடாப்பில் விட்ட வெற்றிடமே இது.

1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் இது பொருந்தும். புத்தளத்தில் பதியப்படும் பெயர் புத்தளத்தின் கணக்கிலும், சொந்த ஊரில் பதியப்படும் பெயர் வடக்கின் கணக்கிலும் சேரும்.

எல்லைகளை வரைவது நம் கையில் இல்லை. இடாப்பில் நமது பெயர் உள்ளதா, எந்த ஊரில் உள்ளது என்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்வது நம் கையிலேயே உள்ளது. தமிழரும் முஸ்லிம்களும் இதில் அசட்டையாக இருத்தலாகாது.